சாவி மட்டும் அவரிடம்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணங்கி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் கோயிலிலிருந்து திரும்பும்போது புது கார் கொஞ்சம் விளையாட்டுக் காட்டியது. இறக்கத்தில் கியர் தானாக நழுவியது. பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போனது. சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ஓரமாக நிறுத்திவிட்டேன். ஒரு கீறலும் இல்லை, பயப்படாதீர்கள்.

"வாங்கி ஆறு மாசம்கூட ஆகல. கோளாறு வண்டியில இல்ல, உன் கால்லதான்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. மெக்கானிக்கோ, "பிரேக் ஆயில் கசியுது சார், கியர்பாக்ஸும் கம்பெனி பண்ண தப்பு. அக்கா நிறுத்தினதே பெரிசு" என்றார். இவர் சிரித்து வைத்தார்.

வண்டி சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டது. சாவி மட்டும் இவர் சட்டைப்பையில். "வேணுங்கறத சொல்லு, நான் வாங்கிட்டு வரேன்" என்கிறார். வாங்கியும் வருகிறார், குறை சொல்ல முடியாது. இந்தத் தெருவுக்குப் பேருந்து கிடையாது. நான் கடைக்கே போகாததால் என் செலவுக் கணக்கு நோட்டில் எழுத ஒன்றுமில்லை. சாமி கும்பிடுவதும் சமையலறைப் படத்தோடு சரி.

ஒரு சின்ன உதவி அப்பா. இவரிடம் போனில் பேசும்போது, "இப்பவும் பொண்ணுதானே வண்டி ஓட்டுறா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

கார் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். தபாலில் போட இதை இவரிடம்தான் கொடுக்க வேண்டும். பசை கொஞ்சம் அதிகமாகத் தடவியிருப்பேன், பார்த்துக் கிழியுங்கள்.

உங்கள் மகள்