கட்டிலுக்கடியில் நீ விட்டுப்போன பிரேக் பெட்டி

என் சுந்தரா, கூப்பிட்டால் "என்னக்கா" என்று திரும்பிப் பார்த்துவிடுவாயோ என்று இன்னமும் எனக்குத் தோன்றுகிற என் தம்பிக்கு,

நீ போன பிறகு வந்த இரண்டாவது நவராத்திரிப் பூஜைவைப்பும் முடிந்துவிட்டது. மழை விட்டபாடில்லை. உன் ஆரியசாலைக் கடையை உன் கோமதி பார்த்துக்கொள்கிறாள். உன் நாற்காலியில் உட்காருவதில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு, வத்தல் மூட்டை இறக்க வருகிறவர்களோடு உன்னைப்போலவே சண்டை போடுகிறாள். உன் சிவப்புக் காரை ஆனந்தி ஓட்டுகிறாள். இந்தக் கடிதம் அந்தக் காரைப் பற்றித்தான். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரியும். ஆனாலும் வேறு யாரிடம் கேட்பேன்?

உன் பெண் ஆனந்திக்குப் பொன்முடி மலைமேல் ஒரு விடுதியில் கணக்கு வேலை. உத்தரவு வந்தபோது நீ இருந்தாய், சேர்ந்தபோது இல்லை. வித்துராவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் மலையேறுகிறாள், மாலையில் இறங்குகிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அந்த வளைவுகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? உன் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நான் இறங்கிய வளைவுகள்தானே.

பூஜைக்குச் சில வாரம் முன்பு ஒரு மாலை, சுற்றுலா வேன் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இறங்கியிருக்கிறாள். பாதி மலையில் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. அப்புறம் பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விட்டது. நீ சொல்லிக்கொடுத்தபடி முதல் கியருக்கு மாற்றி, எப்படியோ கல்லாறு வந்து ஒரு சாயாக்கடை முன்னால் நிறுத்தினாள். முன்சக்கரத்திலிருந்து புகை. கடைக்காரர், பாவம், நல்ல மனுஷன். "மோளே, மாறி நில்லு! தீ பிடிக்கும்!" என்று மலையாளத்தில் கத்திக்கொண்டு ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிவிட்டார். அடுத்த சக்கரத்துக்கும் இன்னொரு பக்கெட்.

கொதிக்கிற கண்ணாடித் தம்ளரைக் குழாயடியில் காட்டினால் என்ன ஆகும் என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் கேட்டிருப்பேன். சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க் இரும்பு என்பதால் உடையவில்லை, கோணிப்போயிற்று. அதன்பிறகு பிரேக்கைத் தொட்டாலே ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கிற பேடு எல்லாமே மாற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆனந்தி வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய்வந்தாள்.

அப்போதுதான் உன் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தாள்.

நீ போவதற்குச் சில நாள் முன்பு கூரியரில் வந்த பெட்டி. நீயே பிரிக்கவில்லை. உள்ளே துளைகளும் கோடுகளும் போட்ட டிஸ்க் இரண்டு, பளபளவென்று. கூடவே பந்தயக் கார்களுக்கான பேடுகள். ஆனந்தி அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். "அத்தே, அப்பா வெறுதே வாங்கியிருக்க மாட்டாங்க. எனக்கு மலைமேல வேலைன்னு தெரிஞ்சுதானே வாங்கி வெச்சிருக்காங்க?" என்றாள்.

என் கேள்வி இதுதான் சுந்தரா. அதை அவளுக்காகவா வாங்கினாய்? அல்லது கோயம்புத்தூருக்குக் கூட்டாளிகளோடு போய்ப் பந்தய மைதானத்தில் காரில் சுற்றுவாயே, அதற்கா?

ஏனென்றால் நான் அந்தப் பேடுகளைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். தோசைக்கல் காயாமல் மாவை ஊற்றினால் முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோகும். இரண்டாவது, மூன்றாவது நன்றாக வரும். பந்தயப் பேடும் அப்படித்தான். சூடேறினால் அதைப்போலப் பிடிப்பது வேறில்லை, குளிர்ந்திருக்கும்போது வழுக்கும். மைதானத்தில் முதல் தோசை போனால் போகட்டும். ஆனால் ஆனந்தியின் வண்டி பகல் முழுக்க மலைமேல் மஞ்சில் நின்று ஈரமாகக் குளிர்ந்து கிடக்கும். விடுதி கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முதல் வளைவு. அந்த முதல் மிதியிலேயே வண்டி நிற்க வேண்டும் அல்லவா?

ஆனந்தியிடம் இதைச் சொன்னேன், துளைகளைப் பற்றியும் சொன்னேன். கனமான உருளி சூட்டை நின்று நிதானமாக வாங்கும்; மெல்லிய பாத்திரம் சட்டென்று காய்ந்துவிடும். துளை போடப்போட டிஸ்க்கின் கனம்தானே குறைகிறது. தபால்தலையைச் சுற்றித் துளை இருப்பது எதற்கு, அங்கே கிழிவதற்குத்தானே? அதுபோல நாளாவட்டத்தில் துளைக்குத் துளை விரிசல் ஓடலாம். அன்றைக்குப் பெடல் பஞ்சுபோல ஆனதற்குக் காரணம் டிஸ்க்கே இல்லை, பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும். நீ போனபின் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சூட்டில் அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிட்டால் நாம் மிதிப்பது ஆவியைத்தான். புது ஆயில், துளையில்லாத நல்ல டிஸ்க், சாலைக்கென்று செய்த பேடு, இறக்கத்தில் சின்ன கியர், இது போதும் என்றேன்.

"க்ளாஸ் எடுக்காதீங்க அத்தே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற குரல். "சாதா பேடு போட்டு அன்னிக்குக் கருகிச்சுல்லா? இது கருகாதுல்லா? அப்பாவைவிட உங்களுக்குக் கார் தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. உராய்வைப் பற்றிக் காலமெல்லாம் பாடம் நடத்தினேன். ஒரு காரைக்கூட ஓட்டியதில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் சொல்வதைக் கேட்டுச் சாதா பேடு போட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கிள்ளிப்பாலத்தில் உன் மெக்கானிக் பிஜுவிடம் பெட்டியைக் காட்டினோம். ஒரு டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாதனம் கிடிலன் டீச்சரே!" என்றான், சினிமா நடிகரைக் கண்டவன் மாதிரி வியந்து. "பட்சே, தினம் ஆபீஸ் போற வண்டிக்கா? யானையைக் கொண்டுவந்து ஆட்டுக்கல்லுல கெட்டுற மாதிரி இருக்கு."

"அப்போ போட வேண்டாமா பிஜு?" என்றேன் ஆசையாக.

அவன் ஆனந்தியின் முகத்தைப் பார்த்தான். "சார் வாங்கின சாதனம். வேண்டாம்னு நான் எங்ஙனே சொல்லும்? பிள்ளை சொன்னா மாட்டித் தரும்."

பார்த்தாயா? நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் வாதாடாத ஆளே இல்லை. இப்போது உன்னை எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பூஜை எடுக்கிற அன்றே மாட்டுவது என்று ஆனந்தி முடிவு செய்தாள். இங்கே வழக்கம் உனக்குத் தெரிந்ததுதானே. அஷ்டமி சாயங்காலம் புத்தகமும் கருவியும் சாமிக்கு முன்னால் வைத்தால், விஜயதசமி காலை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. கடைத் தராசு, என் பழைய பாடப்புத்தகங்கள், ஆனந்தியின் லேப்டாப், இவற்றோடு உன் பெட்டியையும் கோமதி வைத்தாள். சந்தனமும் குங்குமமும் அவளே இட்டாள். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி காலையில் ஆனந்தி பெட்டியைத் திறந்துவிட்டு, "அம்மா!" என்று போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். பேடு ஒவ்வொன்றிலும் நல்லெண்ணெய் தடவி, அதன்மேல் சந்தனத்தை அப்பியிருந்தது. எண்ணெய் உள்ளே இறங்கி அடியில் விரித்த காகிதம்வரை நனைந்திருந்தது.

"என்னம்மா செஞ்சு வெச்சிருக்கே? எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்குமா?"

"எனக்கென்ன தெரியும்? சாமிக்கு வெக்கிறதை எண்ணெய் தொடாம வெப்பாங்களா?" என்று கோமதி தராசைத் துடைக்கத் தொடங்கினாள்.

போனில் கேட்டதற்கு பிஜு சிரித்தே விட்டான். "எண்ணெ குடிச்ச பேடு இனி வேண்டாம் மோளே. அதை பூஜா ரூம்லேயே வெச்சோ." ஆனந்தி சிரிக்கவில்லை. அழுது முடித்து முகம் கழுவி வந்து, "நீங்க சொன்னதையே போட்டுக்கலாம் அத்தே" என்றாள். டிஸ்க்கை மட்டும் தனியாக மாட்ட அவளுக்கு மனசில்லை. நான் ஜெயித்த மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகுதான் அந்த டிஸ்க்குகளைப் பார்த்தேன். நட்டநடுவில், சக்கரத்தோடு சேர்த்து முடுக்குகிற இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குங்குமப் பொட்டு. பேடு தொடுகிற பரப்பில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

நீ காருக்கடியில் படுத்திருக்கும்போது கோமதி காப்பி கொண்டுவருவாள். "எண்ணெ தேச்ச கையோட கிட்ட வராதே, பிரேக்கைத் தொட்டுராதே" என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை கத்தியிருக்கிறாய். அவளுக்கா தெரியாது?

அப்புறம் அடுப்படியில் அவளும் நானும் தனியாக நின்றோம். சுண்டலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளாகவே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவுக ஆசையா வாங்கி வெச்சதை வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல மதினி. அதுக்காக அதை மாட்டிப் பிள்ளையை மலைக்கு அனுப்பிவெக்கவும் மனசு வரல." குழாயைத் திறந்துவிட்டாள்.

உனக்குக் கோபமா சுந்தரா? நீ ஆனந்திக்காகத்தான் வாங்கியிருந்தால், எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உனக்குத் தெரிந்திருந்தால், நாங்கள் செய்தது சரியா? இல்லை, மேலே இருந்து "நல்ல வேலை செஞ்சே கோமதி" என்று சிரித்துக்கொண்டிருக்கிறாயா? எந்தப் பக்கம் யோசித்தாலும் உன் முகம் வரை வந்து நின்றுவிடுகிறது.

இப்போது காரில் துளையில்லாத டிஸ்க், சாலைக்கான பேடு, புது ஆயில். பிஜு வெறும் ரோட்டில் பலமுறை ஓட்டி நிறுத்தி, பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகிய பிறகே சாவியைக் கொடுத்தான். திங்கட்கிழமை ஆனந்தி மலையேறினாள். சாயங்காலம் கோமதி கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலையில் போன் கிடைக்காது. கல்லாறு வந்தால்தான் கிடைக்கும். இரண்டு பேரும் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருந்தோம். நல்ல பிரேக் அவள் காலடியில் இருக்கிறது. வளைவில் எதிரே வருகிறவன் காலடியில் என்ன இருக்கிறதோ? அதற்கு நான் என்ன பாடம் படித்துவைப்பது?

போன் வந்தது. "கல்லாறு வந்தாச்சு அத்தே. சாயாக்கடைக்காரர் பக்கெட்டோட நின்னாரு. வேண்டாம் மாமான்னு சொல்லிட்டேன்." கோமதி சிரித்தாள். பிறகு எழுந்து உன் அறைக்குப் போனாள். நெடுநேரம் வரவில்லை.

டிஸ்க் இரண்டும் உன் கட்டிலுக்கடியிலேயே இருக்கின்றன. கோமதி துணி சுற்றி வைத்திருக்கிறாள். நான் அதைத் தொடமாட்டேன். உனக்கு என்னால் தர முடிந்த வாக்கு ஒன்றே ஒன்று. ஆண்டுதோறும் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும் முன்னால் அந்த பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லி, மாற்றி முடிக்கும்வரை பிஜுவின் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நான் இருக்கிறவரை அது தவறாது. மற்றதெல்லாம் என் கையில் இல்லையடா.

கல்லாற்றிலிருந்து வரும் போனுக்காகத் தினமும் காத்திருக்கிற,
உன் பெரியக்கா