அணைந்து போகும் ரம்பம்

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். இருமல் நின்றதா? நான் சுகம்.

இங்கே மரம் வெட்டும் கூட்டத்துக்குச் சமைத்துப்போடுகிறேன். அவர்களின் மேஸ்திரி, நான் வந்த அன்றே "இந்தக் கெழவி எதுக்கு?" என்று தட்டைத் தள்ளியவன். இப்போது அவன் மோட்டார் ரம்பம் வேகம் கொடுத்தால் ஓடுகிறது, வேகத்தை விட்டதும் அணைந்துபோகிறது. மறுபடி கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்து அவன் தோள் வீங்கிவிட்டது. ரம்பத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கொஞ்சம் திருகினால் போதும், அணையாது. நம் ரம்பத்துக்கு நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள். "என்ன பாக்குற?" என்று மேஸ்திரி உறுமினான். "ஒண்ணுமில்ல தம்பி, நல்லா இழு" என்றேன்.

அன்று நம் ரம்பம் நின்றதற்கு என் கை பட்டதுதான் காரணம் என்றீர்கள். அதையும் மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள். முழங்கால் தைலமும் அனுப்புங்கள், தேய்த்துவிடத்தான் ஆளில்லை.

"அம்மா, கையே தூக்க முடியல, சோறு போடுங்க" என்று அவன் கூப்பிடுகிறான். சோறு போடுவேன். திருகாணியைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.