நேராக்கிக் காட்டும் பொத்தான்

பிப்ரவரி 9

வாலுவுக்கு ஆபரேஷன் நாள் குறித்தாகிவிட்டது. அண்ணன் மகள், பதினைந்து வயது, சரியான வாயாடி. முதுகெலும்பு வளைந்து இடது தோள் இறங்கியே இருக்கும். அவள் சட்டைகளுக்கெல்லாம் அந்தத் தோளில் பஞ்சு வைத்துத் தைப்பது நான்தான்.

ஸ்கேன் படத்தைக் கணினியில் ஏற்றி, எந்த எலும்பில் எந்தக் கோணத்தில் திருகாணி இறங்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது என் உத்தியோகம். சொந்தப் பிள்ளையாயிற்றே, முடியுமா என்று பெரிய டாக்டர் கேட்டார். வேறொருத்தர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிப்ரவரி 12

நடுமுதுகில் ஓர் எலும்பு, வளைவின் உட்பக்கம் தீக்குச்சி கனம்தான் இருக்கிறது. ஒட்டினாற்போல் தண்டுவடம். திருகாணியை வைத்து வைத்து எடுத்தேன். கடைசியில் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டேன். டாக்டரும் சரி என்றார்.

பிப்ரவரி 13

அந்தப் பொத்தானை ஏன் அழுத்தினேன்?

கம்பி போட்டு இழுத்தால் முதுகு எப்படி நிமிரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவது அது. கம்பியின் நீளம் பார்க்க எங்களுக்கு மட்டும். நோயாளிக்குக் காட்டுவதில்லை, யாரும் சொல்லித்தராமலே எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். வாலு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று நச்சரித்தாள்.

எலும்புகள் நிமிர்ந்து நின்றன. திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பிறகு, "இது நானா அத்தை?"

"நீதான்டி" என்றேன்.

வெறும் கணக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல? போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 20

நீலத் துணி வாங்கி வந்திருக்கிறாள், ஆபரேஷனுக்குப் பிறகு தைத்துப் போட. பஞ்சு என்ற பேச்சே கூடாதாம். இவளுக்கு இப்போதே தலைகால் புரியவில்லை என்று அண்ணி சிரித்தாள்.

மார்ச் 3

கால் பிழைத்தது.

திருகாணிகள் எல்லாம் குறித்த இடத்தில்தான் இறங்கின. கம்பியை இழுத்து நிமிர்த்தும்போது காலுக்குப் போகும் நரம்பு சிக்னல் விழுந்துவிட்டது. டாக்டர் தளர்த்தினார், திரும்பி வந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி விழுந்தது. இன்னும் இழுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பாதி நிமிர்த்தியதோடு மூடிவிட்டார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் போன உயிர் திரும்பியது.

அப்புறம்தான் அந்தப் படம் ஞாபகம் வந்தது.

மார்ச் 6

கால் விரலை அசைத்துக் காட்டினாள். நாங்கள் அழுதோம். அவள் கண்ணாடி கேட்டாள்.

மார்ச் 19

திட்டினால்கூட வாங்கிக்கொள்வேன். திட்டவில்லை. போனை என் பக்கம் நீட்டினாள்.

"அத்தை, இதுல இருக்கறது யாரு?"

நடக்கிறாயே, அது போதாதா என்று அண்ணி அதட்டினாள். போதாதுதான். பதினைஞ்சு வயசுக்கு எப்படிப் போதும்? நான்தானே காட்டினேன். பாவி, நான்தானே காட்டினேன் —

ஏப்ரல் 8

ஒரு பையனின் அம்மா வந்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருப்பான் என்று கணினியிலேயே காட்டுவீர்களாமே என்று கேட்டார். அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

மே 2

வாலு வந்தாள். தனியாக, நடந்தே. நீலத் துணியை என் மடியில் வைத்துவிட்டு, "தைச்சுடு அத்தை" என்றாள்.

அளவெடுத்தேன். தோள் முன்னைக்குக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் சமமாக இல்லை. பஞ்சு வேண்டுமா என்று கேட்க வேண்டும். நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். அவளே சொன்னாள்.

"பழைய அளவு வேண்டாம். பாதி வச்சாப் போதும்."

பாதி பஞ்சைப் பிய்த்து அவள் தோளில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வை" என்றாள்.

வைத்தேன்.