ஃபாஸில் வீட்டுக்கு நான் போகமாட்டேன்

கடுகண்ணாவை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஸனாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் வெயில் கடுமை என்று பக்கத்து வீட்டு அனீஸா சொன்னாள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். உங்கள் சுகத்துக்காக இன்றும் தொழுகையில் கேட்டேன். எனக்கு உங்கள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை மட்டும் விடவில்லை.

போனில் பேசினால் பாதியிலேயே வெட்டிவிடுகிறீர்கள். குரலைப் பதிந்து அனுப்பினால் கேட்டீர்களா என்றே தெரிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அனீஸாவின் மாப்பிள்ளை நாளை டோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன். கிழித்தெறிய வேண்டும் என்று தோன்றினால் முழுதாகப் படித்த பிறகு கிழியுங்கள்.

"ஃபாஸில்ட ஊட்டுக்குப் போய் மாப்புக் கேளு. நாலு பேருக்கு முன்னால எங்கட குடும்பத்துட மானத்த வாங்கிட்டாய்" என்று சொன்னீர்கள். மன்னிப்புக் கேட்க நான் போகமாட்டேன். அடுத்த கிழமையும் போகமாட்டேன், பெருநாளைக்கும் போகமாட்டேன். உங்கள் தம்பி ஃபாஸில் உங்களுக்குச் சொன்னது கடைசியாகக் கடையில் நடந்ததை மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்கிறேன்.

போன முறை லீவில் வந்தபோது நீங்களே பார்த்தீர்கள், பிள்ளை வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். "வாய மூடு புள்ள, ஈ போயிரும்" என்று சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். மூடினால் அவளுக்கு மூச்சு இல்லை என்பது நமக்குத்தான் உறைக்கவில்லை. மத்ரஸாவில் ஓதும்போது மூக்கால் வர வேண்டிய எழுத்துகள் அவளுக்கு வராது. உஸ்தாத் ஏசுவார், கூட இருக்கிற பிள்ளைகள் அவள் ஓதுவதைப் போல ஓதிக் காட்டுவார்கள். ஒருநாள் நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போடும்போது அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்கப் புகை. அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மணமே தெரியவில்லை என்றாள். அன்றைக்கே உங்களுக்குப் போன் எடுத்து, காது மூக்கு டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னேன். உங்கள் பதில் எனக்கு மறக்காது. "பாமசி வெச்சிருக்கிற தம்பி ஈக்கும்போது எதுக்கு வெளிய அலையிற? அவன் பாத்துக்குவான்."

அவன் நன்றாகவே பார்த்துக்கொண்டான். பீனிசம்தான், வயது போகப் போகச் சரியாகிவிடும் என்று பிலிமத்தலாவைக் கடையிலிருந்து சொட்டு மருந்து கொடுத்தான். போட்டவுடன் மூக்கு திறக்கும். பிள்ளைக்கு அது பெருநாள் மாதிரி இருந்தது. பிறகு பள்ளிக்கூடப் பையில் ஒரு போத்தல், தலையணைக்குக் கீழே ஒரு போத்தல், தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் ஒன்று என்று ஆனது. காலையில் போட்டது பகலுக்குள் தீர்ந்து, மூக்கு முன்னையை விடக் கூட அடைக்கும். நான் கேட்டபோதெல்லாம் உங்கள் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னது ஒன்றுதான். "மருந்து குடுத்தா சுகம்தானே மச்சி, பிறகென்ன?" தலையிடி என்றால் ஒரு வில்லை. கன்னம் நோகிறது, மூக்கில் கெட்ட வாடை வருகிறது என்றால் இன்னொரு வில்லை. ஃபாஸில் டொக்டர் இல்லை. மருந்துக் கடைக்கு முதலாளி, அவ்வளவுதான். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் எழும்பும்போது இடது கண் மூடிவிட்டது. இமை சிவந்து முட்டை மாதிரி வீங்கியிருந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஃபாஸில் வந்து பார்த்தான். கண் நோய் பரவுகிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது என்று கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்தும் சுடுதண்ணீர் ஒத்தடமும் சொல்லிவிட்டுப் போனான். அன்றைய பகல் முழுவதும் ஒத்தடத்தோடு போனது. அடுத்த நாள் அவள் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "உம்மா, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியிது" என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள்.

ஒரு ஓட்டோவைப் பிடித்தேன். போகிற வழிதானே என்று பிலிமத்தலாவையில் கடைக்கு முன்னால் நிறுத்தி, ஃபாஸிலையும் கூட வரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பேச ஓர் ஆம்பிளை இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவன் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பின்னேரம் வரைக்கும் பார்ப்போம் என்றான். அங்கேயே நின்று உங்களுக்குப் போன் போட்டு என் கையில் தந்தான். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "அவன் செல்றதக் கேளு ரபீகா. சும்மா பயந்து சாகாதே."

நான் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு டிரைவரிடம் கண்டிக்கு ஓட்டச் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேச்சை நான் கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான். பேராதனைப் பாலத்தில் வாகனங்கள் அசையவே இல்லை. பிள்ளை என் மடியில் கிடந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நிரஞ்சனி என்று ஒரு பொம்பிளை டொக்டர். சிவப்பு மூடி போட்ட ஒரு பேனையைக் காட்டினார். வலது கண்ணுக்கு அது சிவப்பாகவே தெரிந்தது. இடது கண் இமையை அவரே தூக்கிப் பிடித்துக் காட்டியபோது ஸனா கொஞ்சம் யோசித்துவிட்டு, காய்ந்த மண் நிறம் என்றாள். டொக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். நம் முகத்து எலும்புக்குள் காற்று நிற்கிற சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் ஒரு வாசல். வாசல் அடைத்தால் உள்ளே சளி தேங்கிப் பழுத்துவிடும். ஸனாவுக்கு மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கிற அறையில் சீழ் கட்டி, கடதாசி போல மெல்லிய எலும்பைத் தாண்டிக் கண்ணுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. கண் நரம்பை அது நெருக்குகிறது. இன்றைக்கே எடுக்காவிட்டால் அந்தக் கண்ணில் வெளிச்சமே இல்லாமல் போகலாம், அதற்கு மேலே மூளை இருக்கிறது என்று அவர் சொன்னார்.

இவ்வளவு காலம் என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார். பையிலிருந்த போத்தலை எடுத்துக் காட்டி, வருஷக்கணக்காக இதுதான் என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இத ஒரு கிழமைக்கு மேல போடவே கூடாதும்மா. போடப் போட மூக்குக்குள்ள சதை வீங்கிக்கிட்டேதான் போகும். யாரு இத வருஷக்கணக்கா போடச் சொன்னது?" என்று கேட்டார். சொந்தக்காரர் ஒருவர் என்றேன். மாப்பிள்ளையின் தம்பி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து நான்தான் வைத்தேன். உங்களைக் கேட்கவில்லை என்பது உங்களுக்கு இரண்டாவது குற்றம். உங்களைக் கேட்டிருந்தால் நீங்கள் ஃபாஸிலைக் கேட்டிருப்பீர்கள். முகத்தில் கத்தி வைக்கவில்லை. மூக்கு வழியாகவே கெமரா விட்டு, அடைத்த வாசல்களைத் திறந்து சீழை எடுத்தார்கள். வெளியே வந்து டொக்டர் என் தோளில் கை வைத்து, தப்பிவிட்டாள் என்று சொன்னபோது நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த ஒரு சிங்கள அம்மா கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். வார்ட்டில் இருந்த நாட்களில் உங்கள் தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகு வேறொரு ஸ்ப்ரே. பழைய சொட்டு மருந்தைத் தொடவே கூடாது. அதை விட்ட முதல் சில நாட்கள் மூக்கு முழுதாக அடைத்து, பிள்ளை அழுது என் கையைக் கடித்தாள். அதையும் கடந்துவிட்டோம். கையில் ஊசியால் குத்திப் பார்த்ததில் வீட்டுத் தூசிதான் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், போர்வைகளைச் சுடுதண்ணீரில்தான் துவைக்கிறேன். மூக்கு நடு எலும்பும் கொஞ்சம் வளைந்திருக்கிறதாம், அதை இன்னும் வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். முந்தாநாள் நான் வெங்காயம் வதக்கும்போது அறையிலிருந்து ஓடி வந்து, "உம்மா, மணக்குது!" என்று கத்தினாள். இரண்டு பேரும் அடுப்படியில் நின்று அழுதோம். இடது கண்ணில் சிவப்பு இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறது. முழுதாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள்.

இனி, கடையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் சண்டைக்குப் போகவில்லை. கிளினிக் முடிந்து ஸனாவோடு வரும்போது, இனி இந்த மருந்தை யாருக்கும் இப்படிக் கொடுக்காதே என்று ஃபாஸிலிடம் அமைதியாகச் சொல்லத்தான் போனேன். அங்கே ஒரு தாய் கைக்குழந்தையோடு நின்றாள். அந்தப் பிள்ளையும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு முன்னாலேயே உங்கள் தம்பி அதே போத்தலை எடுத்து, போன மாதம் வாங்கியது முடிந்துவிட்டதா என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். அவள் கை நீட்டுவதற்குள் நான் அதைப் பறித்தேன். "தங்கச்சி, இத வாங்காதீங்க, டொக்டர்கிட்டப் போங்க. என்ட புள்ளைட கண்ணப் பாருங்க" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். தெருவில் போனவர்களும் நின்று பார்த்தார்கள். ஃபாஸில் என்னை வாயை மூடச் சொன்னான். பிள்ளைக்கு என்ன ஆனது என்று அப்போதும் கேட்கவில்லை, நானாவிடம், அதாவது உங்களிடம், சொல்கிறேன் என்றுதான் மிரட்டினான்.

அந்தத் தாய் போத்தலை வாங்காமல் போனாள். இதற்குத்தானா நான் மாப்புக் கேட்க வேண்டும்? மானம் போனது என்கிறீர்கள். உங்கள் குடும்பத்து மானம் அந்தக் கண்ணாடி அலுமாரியில் போத்தலாகத்தான் அடுக்கியிருந்தது என்றால், அது போனதே நல்லது. நீங்கள் என்மேல் கோபமாக இருங்கள், பேசாமல் இருங்கள், உங்கள் உரிமை. ஆனால் இனி ஸனாவுக்குத் தலையிடி வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் எங்கே கொண்டுபோவது என்பதை நான்தான் முடிவு செய்வேன். அதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நல்லது. ஏற்காவிட்டாலும் அப்படித்தான்.

வருகிற மாதம் மறுபடியும் கண்ணைப் பரிசோதிப்பார்கள். லீவு கேட்டுப் பாருங்கள். வர முடியாவிட்டால் பிள்ளைக்காவது போன் எடுங்கள். மாப்புக் கேட்கச் சொல்லி அன்றைக்கு நீங்கள் என்னிடம் சத்தம் போட்டது போனுக்கு வெளியே அவளுக்கும் கேட்டது. அவள் எழும்பிப் போய்விட்டாள். ஃபாஸில் சாச்சாவிடம் ஸலாம் சொல்லு, மரியாதையாக நட என்றெல்லாம் அவளிடம் பேசாதீர்கள். "மகள், இப்ப கண் தெரியுதா?" என்று மட்டும் கேளுங்கள். அதை நீங்கள் இன்னும் அவளிடம் கேட்கவே இல்லை.

அல்லாஹ் உங்கள் இரண்டு கண்களையும் காப்பாற்றட்டும். வெயிலில் வேலை செய்யும்போது கண்ணாடி போடுங்கள்.

ஸனாவின் உம்மா,
ரபீகா.