லோஷினியின் முதுகுவலி

ஜொகூர் பாரு
14 ஜூலை 2024

அன்புள்ள லோஷி,

போனை அணைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டாய். அதனால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தபால்தலை வாங்கி ஒட்டுகிறேன். லாபிஸில் மழையா? தூக்கம் வருகிறதா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

இங்கே ஒரு சிக்கல். நீ ஏன் இவ்வளவு நாள் விடுப்பு என்று வகுப்பில் கேட்டார்கள். முதுகுத்தண்டில் ஸ்லிப் டிஸ்க் என்று சொல்லிவிட்டேன். மருத்துவ மாணவர்களிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "எந்தெந்த எலும்புக்கு நடுவுல? எம்ஆர்ஐ எடுத்தாச்சா?" என்று கவின் துளைக்கிறான். நீ திரும்பி வந்ததும் உன் காலைத் தூக்கிப் பார்த்துப் பரீட்சைக்குப் பழகப் போகிறார்களாம். கொஞ்சம் நொண்டிக்கொண்டே வா.

உன் அறைத் தோழி,
ஆப்ரின்

லாபிஸ்
19 ஜூலை 2024

அன்புள்ள ஆப்ரின்,

உன் கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மாகூடச் சிரித்தார். தூக்கம் வருகிறது. ஆகஸ்ட் முதல் வாரம் வகுப்புக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நொண்டமாட்டேன். எனக்கு வந்தது மனச்சோர்வு. நாளைக்கு இதே நோயோடு ஒருவர் நம் முன்னால் வந்து உட்காருவார். வெட்கப்படாதீர்கள் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? நான் வருவதற்குள் நீயே வகுப்பில் உண்மையைச் சொல்லிவிடு.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தாயா? இல்லை, இவளோடு ஒரே அறையில் இருப்பவள் என்று உன்னைச் சொல்வார்கள் என்றா?

அன்புடன்,
லோஷினி

ஜொகூர் பாரு
28 ஜூலை 2024

அன்புள்ள லோஷி,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். அதனால்தான் தாமதம்.

நேற்று கேன்டீனில் சொன்னேன். "அலமாக், தம்போய் கேஸா?" என்றான் கவின். மனநல ஆஸ்பத்திரி தம்போயில் இருப்பதால் இந்த ஊரே அடிக்கும் கேலி.

"நாளைக்கு உன் பேஷண்டுகிட்டயும் இப்படித்தான் கேப்பியாடா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் தட்டிலிருந்த மீ நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தான். பிறகு, "அவ வந்தா என்ன பேசுறது?" என்றான்.

"எப்பவும் பேசுறதுதான் லா. உன் கையெழுத்தக் கிண்டல் பண்ணுவா. பதில் யோசிச்சு வை."

நீ கேட்டதற்குப் பதில், இரண்டாவதுதான்.

இன்று விஷயம் கேள்விப்பட்டு விடுதி வார்டன் கூப்பிட்டு, வேறு அறை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உன் கட்டிலில் குவித்து வைத்திருந்த என் துணிகளை மடித்து எடுத்துவிட்டேன்.

ஆப்ரின்