எதிர்க்கரையில் ஒரு மஞ்சள் விரிப்பு

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் இருமல் நின்றிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நானாகவே வைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று உறையைப் பார்த்ததும் நினைத்திருப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்தில் இருக்கிறார். அவர் இல்லாத நேரம் பார்த்துப் பேசலாம் என்றால் எனக்கு வேறு ஏதாவது பேச்சு வந்துவிடுகிறது. எழுதினால் நிதானமாக எழுதலாம், அடித்துத் திருத்தலாம். நீயும் மீட்டிங் இருக்கும்மா என்று பாதியில் வைத்துவிட முடியாது. வைக்கலாம், ஆனால் மீதி அங்கேயே இருக்கும்.

அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான். படகுத்துறைப் படியில் இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார், ஏறும்போது யாராவது பார்த்தால் பிடிப்பதில்லை. என் வேலையில் மாற்றம் ஒன்றும் இல்லை, வனவிலங்குப் பூங்காவின் அதே தகவல் கவுண்டர், அதே நாற்காலி, கழிப்பறை எங்கே கரடி எங்கே என்று அதே இரண்டு கேள்விகள். வீடு மாறுகிறோம் என்று போன வாரம் உன்னிடம் சொன்னேன். நல்லதுதானே அம்மா, அந்த ஈரத்திலேயே எவ்வளவு காலம்தான் இருப்பீர்கள் என்றாய். ஏன் மாறுகிறோம் என்று நீ கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நாங்களாக மாறவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நம் வீடு, கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் வீடு, பம்ப் ஆபரேட்டர் வீடு, ஏரிக்கரை வரிசை முழுவதும். மழை விட்டதும் இடிக்கிறார்கள். பூங்காவின் கேட்டுக்கு வெளியே, டவுனில், ஒரு அடுக்குமாடியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது மாடி. லிப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு குழாய். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழாயில் ஒழுகல் இல்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த உத்தரவு எப்படி வந்தது என்று சொல்கிறேன். புது வார்டன் வந்த பிறகு இங்கே ஒரு பழக்கம் வந்திருக்கிறது, நீ ஊரைவிட்டுப் போன பிறகு வந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் கேட்டைத் திறப்பதற்கு முன் எல்லோரும் கேன்டீனில் கூட வேண்டும். பார்வையாளர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளை ஒருவர் உரக்கப் படிப்பார். முன்னதாகப் பார்க்கக் கூடாது, எதையும் விடக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. முன்பு கெட்டதை எல்லாம் ஒளித்துவிடுவார்களாம், அதற்காக இந்த ஏற்பாடு. குறை யாரைப் பற்றியதோ அவர் எழுந்து நின்று, கேட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். படிக்கிறவள் நான். என் உச்சரிப்பு நன்றாக இருக்கிறதாம். முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. கரடி வரவில்லை, பணியாளர்கள் அதற்கு எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மான் கடைசிவரை முதுகையே காட்டிக்கொண்டு நின்றது, இரண்டு நட்சத்திரம் என்று ஒருவர். காட்டில் இவ்வளவு மரம் தேவையா என்று கேட்டவரும் உண்டு, அதற்கு யார் எழுந்து நிற்பது என்று தெரியாமல் தோட்டக்காரர் எழுந்து நின்றார். படகுக்காரர் ஓயாமல் பேசுகிறார் என்று ஒரு மாதம் வந்தது. அப்பா எழுந்து, கேட்டுக்கொண்டேன் என்றார். வாயை மூடிக்கொண்டு ஓட்டினார். அடுத்த மாதம், படகுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வந்தது. அதற்கும் எழுந்தார். கேன்டீனே சிரித்தது, அவரும்தான்.

நீ உன் மேலாளரையும் அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு வந்து கெஸ்ட் ஹவுஸில் தங்கிவிட்டுப் போனாயே, அதற்கு அடுத்த மாதம். படிக்கக் கொடுத்த தாள்களில் கடைசிக்கு முந்தையது ஒரு நீளமான கருத்து. படிக்க ஆரம்பித்ததுமே கேன்டீனில் ஸ்பூன் சத்தம் நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் இந்த ஏரியைப் பற்றி அப்படி யாரும் எழுதியதில்லை. மூடுபனி தண்ணீரிலிருந்து எழுவதில்லை, தண்ணீர்தான் அதிலிருந்து மெல்ல இறங்குகிறது என்று ஒரு வரி. நாரை பறக்கும் முன் ஒரு கணம் யோசிப்பதைப் பற்றி ஒரு வரி. யாரோ நன்றாகப் படித்தவர், தனியாக நிறைய நேரம் உட்கார்ந்து பார்த்தவர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கே குரலில் ஒரு நடை வந்துவிட்டது. நன்றாக, நிறுத்தி நிறுத்தி, ஆசையாகப் படித்தேன். அப்போது இந்த வரி வந்தது. சோம்பேறிப் பாறையின் மேல் கடைசியாக வெயில் விழும்வரை காத்திருங்கள்.

அந்தப் பாறைக்குப் பூங்காவில் பெயர் கிடையாது. கரை முழுவதும் வெளிச்சம் வந்த பிறகும் அது மட்டும் நிழலில் படுத்திருக்கும் என்பதற்காக, உன்னைப் பள்ளிக்கு எழுப்பும்போது அப்பா வைத்த பெயர். பாப்பா, சோம்பேறிப் பாறையே எழுந்துவிட்டது, நீ எழவில்லையா என்பார். நம் மூன்று பேரைத் தவிர அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்திலும் அதுதான். அடுத்த வரிக்குப் போனேன். ஒரே குறை என்று இருந்தது. நிறுத்திவிட்டேன். வார்டன், படிங்கம்மா என்றார். படித்தேன். எதிர்க்கரையில் இருக்கும் பணியாளர் குடியிருப்பு இந்தக் காட்சியை அடியோடு கெடுக்கிறது, இயற்கையைத் தேடி இவ்வளவு தூரம் வருகிறவர்கள் தகரக் கூரையையும் கொடியில் தொங்கும் துணிகளையுமா பார்க்க வேண்டும், அதிலும் அன்று காலை கண்ணைக் குத்துகிற மாதிரி ஒரு மஞ்சள் விரிப்பு, எந்தப் படத்தை எடுத்தாலும் நடுவில் வந்து நின்றது, இதை அப்புறப்படுத்துவது நிர்வாகத்தின் கடமை, ஒரு நட்சத்திரத்தை அந்தத் துணிகளுக்காகக் குறைத்திருக்கிறேன். இப்போது மனப்பாடமாகத்தான் எழுதுகிறேன். ஒரு சொல் மாறியிருந்தால் மன்னித்துக்கொள்.

வீடுகளைப் பற்றிய குறைக்கு யார் எழுந்து நிற்பது. வரிசையில் இருக்கிற எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தும். "கேட்டுக்கிட்டேன்" என்றார். உட்காரவில்லை. வார்டன் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். மேலிடத்துக்கு இதைத்தான் நானும் எழுதிக்கொண்டே இருந்தேன், இப்போது ஒரு பார்வையாளரே இவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார் என்றார் வார்டன். கெட்ட மனிதர் இல்லை. வெளியே வரும்போது என்னிடம், ரொம்ப நல்லாப் படிச்சீங்கம்மா என்று வேறு சொன்னார்.

அந்த விரிப்பைப் பற்றி. நீ வருகிறாய் என்று சொன்னதும் உன் கட்டிலைச் சுவரோரத்திலிருந்து இழுத்துத் தட்டிப் போட்டேன். ஒரு ராத்திரியாவது வீட்டில் படுப்பாய் என்று நினைத்தேன். நீ கல்லூரி விடுதிக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்த மஞ்சள் விரிப்பு, பெட்டியில் கிடந்து நாற்றமடித்தது, அதை அலசி அன்று விடிந்ததும் முதல் வேலையாகக் கொடியில் போட்டேன். காய்ந்தது. விரித்தேன். சாயங்காலம் நீ மட்டும் வந்தாய், மேலாளர் தூங்குகிறார், நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் என்றாய். டீயை ஆற்றிக் குடிக்கக்கூட நேரம் இல்லை. கட்டில் இருந்த அறைக்குள் நீ வரவே இல்லை. அக்கரையிலிருந்து பார்த்தபோது அது உன் விரிப்பு என்று தெரிந்திருக்காது. தெரிந்திருக்காது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று படகில் ஏறியபோது மேலாளரிடம், இவருக்கு இந்த ஏரியில் தெரியாத இடமே இல்லை என்று அப்பாவைக் காட்டிச் சொன்னாயாம். பாப்பா எப்படிப் பெருமையாகச் சொன்னாள் தெரியுமா என்று அப்பா என்னிடம் வந்து மூன்று நாள் அதையே சொன்னார். இவர் என் அப்பா என்று சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். மேலாளர் முன்னால் உனக்கு என்ன சங்கடமோ, எனக்கு அது புரியாமல் இல்லை. மறைப்பது வேறு. அதை நான் பொறுத்துக்கொண்டேன், இன்னும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மறைத்தது போதாது, அகற்றவும் வேண்டும் என்று தோன்றியதே, அது எங்கிருந்து வந்தது. பயணிகள் படகு வரும் நேரம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது விதி. படகின் மணிச் சத்தம் கேட்டதும் உன்னை இழுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவேன். நீ கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு, "அவங்க நம்மளைப் பார்த்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்பாய். எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரிகிறது. ஒரு நட்சத்திரம் குறையும்.

கேன்டீனில் அதைப் படித்த அன்று வேலை முடிந்து வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் கொல்லைப்பக்கம் போய்க் கொடியை அவிழ்த்தார். வீட்டுக்குள் ஆணி அடித்து உன் அறைக்குக் குறுக்கே கட்டினார். மழைக்காகத்தான் என்றார். வெளியே நல்ல வெயில். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "நல்லா எழுதியிருந்துச்சு, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் இன்றுவரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மற்றவர்களுக்குத் தெரியாது. சமையல்காரர் மனைவி தினமும் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் உன்னைத்தான் திட்டுகிறாள், நீ என்று தெரியாமல். "எந்த மகராசி எழுதினாளோ, அவ வீட்ல துணியே தோய்க்க மாட்டாங்களா, அம்மணமாவா திரியறாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பம்ப் ஆபரேட்டர் மட்டும், எழுதினவர் நம்மைத் தெரிந்தவர் இல்லை, அதனால் கோபப்பட என்ன இருக்கிறது என்றார். நல்ல மனுஷன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ பிறந்தபோது ராத்திரி ஜீப் கிடைக்காமல் மோட்டார் படகைக் கிளப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

உன் எழுத்துக்கு இங்கே இப்போது பெரிய மரியாதை. குறையை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தகவல் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். என் கவுண்டருக்கு நேர் எதிர்ச் சுவரில். நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். கீழே பெயர் இல்லை, ஒரு பார்வையாளர் என்று போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு வந்து சோம்பேறிப் பாறை எங்கே என்று கேட்கிறார்கள். நான் எழுந்து ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுகிறேன். புது வரைபடத்திலும் அந்தப் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஒருவர் அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டு வந்து, பெயருக்கு ஏற்ற மாதிரி விசேஷமாக ஒன்றும் இல்லையே என்றார். அப்பா ஒரு வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். விரித்துப் பார்த்தார். மடித்து வைத்துவிட்டார். இப்போதெல்லாம் படகில் போகும்போது அந்தப் பாறையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லையாம்.

எழுதியதை எடுத்துவிடு என்று உன்னிடம் கேட்கத்தான் முதலில் இந்தத் தாளை எடுத்தேன். எடுப்பதால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை, உத்தரவு வந்துவிட்டது. வார்டனிடம் போய்ப் பேசு என்றும் சொல்லமாட்டேன், யார் என்று கேட்டால் நீ என்ன சொல்வாய். அப்பாவிடம் மட்டும் பேசு. மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவர் தாங்கமாட்டார், உன்னைச் சமாதானம் செய்ய ஆரம்பித்துவிடுவார். நீதான் எழுதினாய் என்று சொன்னால் போதும். அதை நீயாகச் சொல்ல வேண்டும். அவர் அதற்குத்தான் போன் மணி அடிக்கும்போதெல்லாம் முதலில் எடுக்கிறார், பிறகு ஒன்றும் பேசாமல் என்னிடம் கொடுத்துவிடுகிறார். வீட்டை இடிப்பதற்குள் சொல்லிவிட்டால் நல்லது. அந்த மூன்றாவது மாடியில் வைத்து அவர் அதைக் கேட்க வேண்டாம்.

வேலையில் பெரிய இடத்துக்கு வா. உன்னை யாரும் எந்த வாசலிலும் நிறுத்தி வைக்காமல் இருக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. வீட்டை ஒழிக்கும்போது உன் பொருள்களைத் தனியாகக் கட்டினேன். புத்தகங்கள் கனமாக இருக்கின்றன, பிறகு அனுப்புகிறேன். மஞ்சள் விரிப்பை மட்டும் இன்று பார்சலில் போட்டிருக்கிறேன். சாயம் போகும், மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவை. யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துக் காயப்போடு.

உன்
அம்மா