மூட்டை தைக்கும் மெஷினும் நாமும்

இன்று கம்பெனியில் புது மெஷினைப் பிரித்தார்கள். பெயிண்டும் கிரீஸும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் பழைய பயம் திரும்பியது. உடனே உன் நினைப்புதான்.

மூட்டை தைக்கும் முதல் மெஷின் வரப்போகிறது என்றபோது நாம் இருவரும் இந்தக் கஞ்சிக்கோட்டு மாட்டுத்தீவனக் கம்பெனியில் மூட்டை தைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். நம் ஊர் வடகரப்பதியிலிருந்து சிநேகிதிகள் நாம் ஒரே பஸ்ஸில் வருவோம். கிணறு வற்றித் தோட்டம் காய்ந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் அந்த வேலைதான் சோறு போட்டது. இனி எல்லாம் மெஷின் செய்யும், அதை ஓட்ட வெளியிலிருந்து படித்தவர்கள் வருவார்கள் என்று பேச்சு கிளம்பியது. கம்பெனி கேட்டை மறிக்கலாம் என்றார்கள் சிலர். நான் பஸ்ஸிலேயே அழுதேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாய். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது.

மறுநாள் மேனேஜர் கூட்டிவைத்துப் பேசியபோது நீதான் எழுந்தாய்.

"மெசினு வரட்டுங்க சார். நாங்க வேண்டாங்கறதில்லீங்க. அதை ஓட்ட எங்களுக்கே சொல்லிக் குடுங்க. முடியிலீன்னா அப்பறம் வெளியாளக் கூப்புடுங்க."

மேலே கேட்டுச் சொல்வதாக அவர் நழுவினார். நீ விடவில்லை. யூனியன்காரர்களையும் அழைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போய் நின்றாய். கடைசியில் சம்மதித்தார்கள். முதலில் யார் பழகுவது என்றதும் என் கையையும் சேர்த்துத் தூக்கினாய். பட்டனைத் தொடாமல் நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"தப்பா அமுக்குனா நின்னுபோகும், அவ்வளவுதான் புள்ள. உன்னையத் திங்காது" என்றாய்.

ஒருவருக்கும் வேலை போகவில்லை. சிலர் தரம் பார்க்கும் இடத்துக்கு மாறினார்கள். மற்றவர்கள் மெஷின் பழகினோம். என் தோள்வலி விட்டது. உனக்குத்தான் அந்த நிம்மதியை ரொம்ப நாள் அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை, மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. நான் பஸ்ஸில் அழுத அன்று நீ சோறே தொடவில்லை என்று உன் மகள் பிறகு சொன்னாள். நீயும் பயந்திருக்கிறாய். எனக்குத் தெரியவே தெரியாது.

இன்று வந்தது லாரியில் மூட்டை ஏற்றும் மெஷின். லோடிங் வேலை பார்க்கும் ஆண்கள் முகம் செத்து நின்றார்கள். கூட்டத்தில் நான் எழுந்தேன். பயமாகத்தான் இருந்தது.

"இவங்களே பழகிக்கட்டுங்க சார். நாங்க பழகுனமல்லங்க?"

ஆளைக் குறைக்கப் போவதில்லை, பழக்குவதும் இவர்களைத்தான் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பெரிய மூச்சொன்று என்னை அறியாமலே வெளியே வந்தது.

பயந்துகொண்டே எழுந்து நின்று கேட்டுவிடுவது உன்னிடமிருந்து எனக்கு வந்தது. அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.